வெட்டில் பிறக்கும் நடை

இசைக்கருவியை ஓசையால் அறிவது ஒரு வகை; நடையால் அறிவது மற்றொரு வகை. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் பேக்பைப் என்னும் பைக்குழலை நம்மவருள் பெரும்பாலோர் ஓசையால் மட்டுமே அறிவர். குடியரசு நாள் அணிவகுப்பில் சீருடைக் காவலர் தோளில் குழல்களைச் சாய்த்து, அக்குளில் பையை இடுக்கி, கூரிய ஒலியெழுப்பிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். இது போருக்குரிய கருவி, நடைபோடும் கால்களுக்குத் துணைசெய்யும் முழக்கம் என்பதற்கு மேல் அதனைப் பற்றி நாம் எண்ணுவதில்லை.

அவ்வாறு எண்ணுவது அக்கருவிக்கு மட்டுமே இழைக்கும் குறையாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே குறையை நம் பாட்டுச் செல்வத்திற்கும் நாம் இழைத்து வருகிறோம் என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதன் காரணம். இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்கச் சட்ட ஆராய்ச்சிக்குள் ஈண்டு நாம் புகவில்லை. அது ஆலிம்களின் துறை. ஒரு சமூகத்தின் பாட்டு எதனால் உயிர் வாழ்கிறது, எதனால் மாய்கிறது என்னும் இலக்கியக் கேள்வியே நமது கேள்வி.

முதலில், பைக்குழலுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். திருவள்ளூர்த் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டியுள்ள மணவாள நகரில் இன்று வாழ்வோர்க்கு, தொழிற்கூடங்களும் பேருந்துகளும் நிறைந்த தங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் ஹைதர் அலியின் குதிரைப்படை சூழ்ந்த களம் என்பது நினைவுக்கு வராது. 1780ஆம் ஆண்டு குண்டூரிலிருந்து புறப்பட்ட கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை கும்மிடிப்பூண்டிப் பகுதி வழியே இறங்கி வந்து, கொசத்தலையாற்றின் வெள்ளத்தால் வடகரையிலேயே தடைப்பட்டு நின்றது. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு அதனைத் தாக்கினார். பெய்லிக்குத் துணையாக அனுப்பப்பட்ட வீரருள் மக்லியாட் பிரபுவின் மலைநாட்டுப் படைப்பிரிவைச் சேர்ந்தோரும் இருந்தனர். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் அந்தப் படை முற்றாக அழிந்தது. சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அப்போரின் ஓவியத்தை இன்றும் காணலாம்.

மறு ஆண்டு ஜூலை முதல் நாள், மஹ்மூது பந்தர் என நம்மவர் வழங்கும் பரங்கிப்பேட்டையில் மீண்டும் ஒரு போர் நிகழ்ந்தது. அங்கே நெருக்கடியான வேளையில் ஊதி வீரர்க்கு ஊக்கமூட்டிய குழலாளனின் செயலில் மகிழ்ந்து, அதுவரை பைக்குழலை இகழ்ந்திருந்த படைத்தலைவர் அயர் கூட், வெள்ளிக் குழல் வாங்குவதற்குப் பணம் வழங்கினார் என்று ஸ்காட்லாந்துப் படை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் பைக்குழலுக்குக் கிடைத்த முதல் பெரும் பாராட்டு, போர்க்களத்தில் ஒரு தளபதி தந்த பாராட்டு. அன்று ஒட்டிய முத்திரையே இன்றுவரை நீங்காதிருக்கிறது.

ஆனால் இக்குழலை ஊதிய மக்கள் யாவர்? 1746இல் கலோடன் போரில் தோற்று, தங்கள் குல உடையையும் அணியலாகாது என்று சட்டத்தால் தடுக்கப்பட்டவர்கள். அந்தப் போரின் பின்னர் யார்க் நகரில் விசாரிக்கப்பட்ட ஜேம்ஸ் ரீட் என்னும் குழலாளன், தான் வாள் ஏந்தவில்லை, குழலே ஏந்தினேன் என்று வாதாடினான். அக்குழலும் போர்க்கருவியே என்று கூறி அவனைத் தூக்கிலிட்டனர். தோற்றவன் கையில் குற்றமான குழல், அவனே வென்றவனின் கூலிப்படைக்கு வந்தபோது பரிசுக்குரியதாயிற்று. அதிகாரம் கலையை மதிப்பிடும் முறைக்கு இதனைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இம்மக்கள் தம் ஊர்களில் திருமணத்திற்கும் அறுவடைக்கும் இக்குழலின் துணையோடே ஆடினர். அந்த ஆட்ட மெட்டுகளின் நடையே நாம் ஆராய வேண்டிய பொருள்.

கருவியின் அமைப்பை அறிந்தாலன்றி அதன் நடை விளங்காது. பை நிறையக் காற்று. அதனை ஊதும் குழாய் ஒன்று. விரல் வைத்து வாசிக்கும் குழல் ஒன்று. ஓயாது ஆதார சுருதி ஒலிக்கும் பெருங்குழாய்கள் மூன்று. நம் நாகசுரத்திற்கு ஒத்து எதுவோ, பழைய ஆடலரங்குகளில் சுருதி கூட்டிய துருத்தி எதுவோ, அவற்றின் வேலையை இங்கே அந்த மூன்று குழாய்களும் செய்கின்றன. வாசிக்கும் குழலில் கிடைப்பவை ஒன்பது சுரங்கள் மட்டுமே.

இதில் இரண்டு பெரும் தடைகள் உண்டு. முதலாவது, பையிலிருந்து காற்று இடைவிடாது வருவதால் மெட்டின் நடுவே ஒலியை நிறுத்த இயலாது. நாகசுரக்காரர் நாவால் காற்றைத் தடுத்துச் சுரத்தைப் பிரிப்பார். பைக்குழலானின் நாவுக்கோ சீவாளியோடு தொடர்பே இல்லை. இரண்டாவது, உரக்கவும் மெல்லவும் மாற்றி ஊத இயலாது. எல்லாச் சுரங்களும் ஒரே வலிமையோடு ஒலிக்கும். மௌனமும் இல்லை, அழுத்தமும் இல்லை. தாளத்தை உணர்த்தும் இரண்டு வழிகளும் அடைபட்ட கருவி இது. ஆடுவோரின் கால் எதனைப் பற்றிக்கொண்டு எழும், எதன் மேல் விழும்?

இந்த முட்டுப்பாட்டிலிருந்தே அவர்களின் கலை பிறந்தது. ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் நடுவே, கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த பொழுதில், விரலை எடுத்து வைத்து வேறொரு சுரத்தைச் சிதறவிடுவர். கேட்போர் அதனைத் தனிச் சுரமாகக் கேட்பதில்லை. ஒலியில் விழுந்த ஒரு வெட்டாகவே உணர்வர். ஒரே சுரம் இருமுறை வரவேண்டுமானாலும் நடுவே இவ்வெட்டு வேண்டும்; இல்லையேல் இரண்டும் ஒன்றாகிவிடும். தாளத்தின் வலிய இடத்தில் இரண்டு, மூன்று, நான்கு வெட்டுகளைச் சேர்த்து அடுக்கினால் அங்கே அழுத்தம் விழுந்தது போன்ற உணர்வு தோன்றும். நம் கமகம் சுரத்திற்குக் குழைவு தருவது. இவர்களின் வெட்டு தாளத்திற்கு எலும்பாவது. இவற்றை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால், எலும்பில்லாத உடலே எஞ்சும்.

இனி, நடைகளைப் பார்ப்போம். ஜிக் என்பது மும்மூன்றாய்ச் செல்வது. தகிட தகிட என நம் திஸ்ர நடையோடு பொருந்துவது. ஆனால் நல்ல குழலாளன் மூன்றையும் சமமாக வைப்பதில்லை. முதலெழுத்தைச் சற்று நீட்டி அடுத்ததைச் சுருக்குவான். அந்த ஏற்றத்தாழ்வே ஆடுவோனைத் துள்ளச் செய்கிறது. ரீல் என்பது தகதிமி தகதிமி என நாலு நாலாய் விரைந்தோடுவது. இடையறாது சுழலும் நூற்புச் சக்கரம் போன்ற ஓட்டம் அது. எட்டு ஆவர்த்தத்தில் ஒரு பகுதி முடிந்து, ஓய்வின்றி அடுத்ததைத் தொடுகிறது.

மூன்றாவதாகிய ஸ்ட்ராத்ஸ்பே, ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்கால் பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் தனிச்சிறப்பான நடை இதுவே. நான்கு எண்ணிக்கை கொண்டதாயினும் ரீலைப் போல் ஓடுவதில்லை; நிமிர்ந்து, விசைத்து, தயங்கி, மீண்டும் விசைக்கிறது. நெடிலும் குறிலும் ஒன்றோடொன்று மோதுவதே அதன் இயக்கம். ஓரிடத்தில் நெடில் முன்னும் குறில் பின்னும் வரும். அடுத்த இடத்தில் குறில் முன்னே வந்து தாளத்தின் வலிய இடத்தைப் பற்றிக்கொள்ள, நெடில் பின்னே தொடரும். இந்தக் குறில்நெடில் முடுக்கை ஐரோப்பியர் ஸ்காட்லாந்து மக்களின் பெயராலேயே வழங்குகின்றனர்.

தமிழ் யாப்பறிந்த நம் வாசகர்க்கு இது புதிதன்று. 'பாடு' என்னும் சொல்லைச் சொல்லுங்கள். நெடில், பின் குறில். 'நிலா' என்னுங்கள், குறில், பின் நெடில், அதாவது நிரையசை. 'பாடு நிலா, பாடு நிலா' என்று கையால் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தால், ஸ்ட்ராத்ஸ்பேயின் நடை ஓரளவு நாவிலேயே வந்துவிடும். குறிலை இன்னும் குறுக்கி, நெடிலை இன்னும் நீட்டினால் போதும்.

இந்த நடை நாவில் வருவதற்கு வலுவான காரணம் உண்டு. மலைநாட்டாரின் கேலிக் மொழியில் சொல்லின் முதலசையில் அழுத்தம் விழும். அந்த முதலசை பலகாலும் குறிலாக அமைந்து, அழுத்தமும் குறுமையும் ஓரிடத்தில் கூடுகின்றன. பேச்சின் இந்த இயல்பே இசையில் முடுக்காகியது என்று கருதும் ஆய்வாளர் பலர். கருவி கிடைக்காத இடத்தில் வாயாலேயே விரைந்த சொற்களைப் பாடி, அதற்கு ஆடுவதும் அவர்களிடம் வழக்கம். பைக்குழலின் பெரிய இசையையோ ஆசிரியர் ஏட்டில் எழுதித் தரவில்லை. ஹிஹரின், ஹோட்ரோ என்பன போன்ற அசைகளைப் பாடியே கற்பித்தனர். உயிரெழுத்து சுரத்தைக் குறிக்கும். மெய்யெழுத்து வெட்டைக் குறிக்கும். நம் மிருதங்க ஆசான் தத்தித் தரிகிட என்று சொற்கட்டால் கற்பிப்பதற்கு இது உறவுமுறை. நடையின் தாய் மொழி. அதனை வளர்த்த செவிலி ஆடுவோரின் கால்.

இந்த உண்மையை முதலில் நூலாக எழுத முயன்றவர் நம் நாட்டிற்கு வந்தவரே என்பது வியப்பு. ஜோசப் மக்டொனால்டு என்ற இளைஞர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்காக 1760இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பைக்குழல் இசையின் இலக்கணத்தை முழுமையாகச் சொல்லும் ஒரு நூலை அப்போது எழுதினார். சில ஆண்டுகளிலேயே இந்தியாவில் இறந்துபோனார். வங்காளத்தில் கிடைத்த அவரது கையெழுத்துப்படி தாயகம் மீண்டு, 1803இல் அவருடைய தமையனாரால் அச்சேறியது. அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே, ரீல் மெட்டுகளை வாசிக்கும் முறையும் 'வெட்டும்' முறையும் கற்பிக்கப்படும் என்று அவர் குறித்திருப்பது நோக்கத்தக்கது. மெட்டை எழுதிவிட்டால் போதாது, வெட்டை எழுதாவிடில் மெட்டு நிலைக்காது என்று அந்த இளைஞர் உணர்ந்திருந்தார்.

இத்தகைய நடை பின்னர் என்னவாயிற்று? அதனை இரண்டு அமைப்புகள் காத்தன. காத்த கைகளே அதனை மாற்றவும் செய்தன. முதலாவது படை. படைக்கு வேண்டியது ஆயிரம் கால்கள் ஒன்றாய் விழுவது. குழலாளரைச் சம்பளம் தந்து காப்பாற்றிய படையே, ஆட்டத்தின் துள்ளலைவிட அணிநடையின் சீர்மையை முன்வைத்தது. இரண்டாவது போட்டி. லண்டன் மலைநாட்டுச் சங்கத்தார் 1781இல் ஃபால்கர்க் நகரில் குழற்போட்டி தொடங்கினர். பிற்காலத்தில் அணிநடை, ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் மூன்றையும் வரிசையாக வாசிப்பது போட்டியின் நிலைத்த வடிவமாயிற்று. விரல் நுட்பம் வியக்குமளவு வளர்ந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நடுவர் முன் நிற்கும் குழலாளனுக்கு எதிரே ஆடுவோர் இல்லை. வெட்டுகள் பெருகப் பெருக அவற்றிற்கு இடந்தரும் பொருட்டு ஸ்ட்ராத்ஸ்பே மெதுவாகியது. கேட்டு வியப்பதற்கு ஏற்றதாயிற்று, ஆடுவதற்குக் கனத்தது.

இதற்கு மாறான ஒரு காட்சியைக் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் காண்கிறோம். நிலத்தை இழந்து அங்கே குடியேறிய மலைநாட்டார், கேலிக் மொழியையும் வீட்டுக்கூடத்து ஆட்டத்தையும் நெடுங்காலம் கைவிடவில்லை. அங்கே குழலாளன் அமர்ந்து, தன் காலால் தரையில் தாளமிட்டு, ஆடுவோரின் காலைப் பார்த்தே வாசித்தான். பழைய நடை தாயகத்தைவிட அங்கேதான் மிகுதியும் பிழைத்தது என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். பரிசும் பட்டமும் இல்லாத இடத்தில் அது பிழைத்திருக்குமானால், ஆட்டம் நிற்காததே அதன் காரணம் என்பது நம் துணிபு.

நம் பக்கத்து ஊரிலேயே இதனைச் சோதித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் வாழ்ந்தார். கோட்டையில் ஆங்கிலேயரின் இசைக்குழு வாசித்தவற்றைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுரங்கள் எனப்படும். அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலமைந்தது. 'ஜகதீச குருகுஹ' என்பதன் மெட்டு, மக்டொனால்டு பிரபுவின் பெயர் தாங்கிய ஸ்காட்லாந்து ரீல் என இசை ஆய்வாளர் இனங்காட்டியுள்ளனர். மலைநாட்டு ஆட்டமெட்டு ஒன்று இறைவணக்கமாகித் தமிழ்நாட்டில் தங்கியது, கொடுக்கல் வாங்கலுக்கு அஞ்சாத கலையுள்ளத்தின் அடையாளம்.

எனினும், கடல் கடந்து வந்தது எது, வராதது எது என்று திறனாய்வாளன் கேட்டேயாக வேண்டும். சுரங்கள் வந்தன, தாள எண்ணிக்கை வந்தது. வெட்டு வரவில்லை, ஆடும் கால் வரவில்லை. வடமொழியின் குறில் நெடில்கள் அந்த வெற்றிடத்தில் தம் சொந்த நடையை நிரப்பிக்கொண்டன. ஆதலால் அது ஸ்காட்லாந்து ரீலாகவும் இல்லை, வெறும் நகலாகவும் இல்லை, புதியதோர் உருப்படியாயிற்று. தன் மொழியின் நடையைத் தெளிவாக அறிந்தவன் கடன் வாங்கினால் கடன் உடைமையாகும். தன் நடையை மறந்தவன் வாங்கினால் உடைமையும் கடனாகும்.

இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. அல்லாமா இக்பால் 1877இல் பிறந்த சியால்கோட், இன்று பைக்குழல்கள் செய்து உலகெங்கும் அனுப்பும் நகரம். முஸ்லிம் கைவினைஞர் அங்கே மரத்தைக் கடைந்து இக்கருவியை உருவாக்குகின்றனர். ஆண்டுதோறும் ஜனவரி 29இல் புதுடில்லியில் நிகழும் பாசறை திரும்பும் விழாவில், படை இசைக்குழுக்கள் இறுதியில் முழக்கிச் செல்வது இக்பாலின் 'சாரே ஜஹான் சே அச்சா'வின் மெட்டு. கருவியும் கவிஞனும் ஒரே ஊரைச் சேர்ந்த இப்பொருத்தம் இனியது. ஆனால் அங்கேயும் கஸலின் நடை, இடம் வலம் என்று விழும் காலடிக்கு இணங்கிக்கொள்கிறது. அணிநடை எதனைத் தொட்டாலும் தன்னைப் போலாக்கிவிடும் ஆற்றல் உடையது.

இதுவரை கூறியவற்றை நம் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவருவோம். தமிழ் முஸ்லிம்களின் பாட்டுச் செல்வம் சிறிதன்று. காப்பியம் ஒருபுறமிருக்க, முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, சிந்து, கும்மி, ஏசல், தாலாட்டு, கண்ணி எனப் பாடுவதற்கென்றே பிறந்தவை எத்தனை! குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளைப் பக்கீர்சாக்கள் தாயிரா கொட்டித் தெருவில் பாடிவந்த காலம் உண்டு. பெண்கள் மணவீட்டில் வட்டமிட்டுக் கைகொட்டிக் கும்மி பாடிய காலமும் உண்டு. பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன மெட்டு, இன்ன தாளம் என்ற ஒரு வரி இருக்கும். அந்த மெட்டைப் பாடிக் காட்ட இன்று எத்தனை பேர் உளர்? பாட்டு நம் கையில் இருக்கிறது. அதன் நடை நம் நாவில் இல்லை.

இந்த இழப்பை நாம் இருவகையில் பெருக்குகிறோம். ஒன்று, பழம்பாட்டைப் பதிப்பிக்கும் புலமையாளர் சீரும் தளையும் எண்ணி, பாடபேதம் காட்டி, அத்துடன் பணி முடிந்ததாகக் கொள்வது. கும்மியை அடிக்குறிப்போடு அச்சிட்டோம். கைகொட்டிய பெண்ணிடம், எந்த எழுத்தில் உன் கை விழும் என்று கேட்டறிந்தோமா? மற்றொன்று, மேடையில் பாடுவோர் பழஞ்சொற்களைத் திரைமெட்டில் பொருத்துவது. திரைமெட்டு நம் சொல்லின் குறில் நெடிலுக்கு இணங்குவதாயின் குற்றமில்லை; தீட்சிதரின் வழி அதுதான். இணங்காதபோது 'அருள்' என்பது 'ஆருள்' என நீள்கிறது. 'நபி' என்பது 'நாபி' எனச் சிதைகிறது. பொருள் கெடுவதைக் காதும் கவனிப்பதில்லை. தாளம் சரியாக விழுந்ததே என்று தலை அசைகிறது.

செய்யத்தக்கது பெரிதன்று. ஒவ்வொரு குடும்பத்திலும் தாலாட்டோ கும்மியோ அறிந்த மூதாட்டி ஒருவர் இருக்கக்கூடும். அவர் பாடுவதை ஒலிப்பதிவு செய்யும் கருவி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. பாட்டை மட்டும் பதியாமல், கையைத் தட்டச் சொல்லி, தொட்டிலை ஆட்டச் சொல்லி, அந்த அசைவோடு சேர்த்துப் பதிய வேண்டும். தாயிரா கொட்டும் பக்கீர்சாவைக் கண்டால், கொட்டின் சொற்கட்டை வாயால் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிப்பாசிரியர் பாட்டை அச்சிடும்போது கை விழும் எழுத்தின் மேல் ஒரு புள்ளியேனும் இடவேண்டும். ஜோசப் மக்டொனால்டு 1760இல் ஏட்டில் செய்ய முயன்றதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

நாட்டை இழந்தும், உடை தடுக்கப்பட்டும், பிறர் போரில் பிறர் மண்ணில் மாண்டும் போன ஒரு மக்கள், குறிலுக்கும் நெடிலுக்கும் இடையிலுள்ள ஒரு சிறு முடுக்கை விடாது வைத்திருந்தனர். அதனால் அவர்களின் இசையை உலகம் இன்றும் கேட்ட மாத்திரத்தில் இனங்காண்கிறது. நமக்கோ அத்தகைய தடை எதுவும் நேரவில்லை. மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும்.